ஏர் பிஸ்டலா, ஏர் ரைஃபிளா? நெல்லைப் பக்கம் பயிற்சிக்குச் சேருகிறவர்களுக்கு

பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வாங்கிய 2024க்குப் பிறகு, பாளையங்கோட்டையில் தெரிந்தவர்கள் பலர் பிள்ளைகளைத் துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டார்கள். சேர்க்கலாம். ஆனால் பணம் கட்டும்போதே பிஸ்டலா ரைஃபிளா என்று கேட்பார்கள், அதற்குப் பதிலோடு போவது நல்லது. நான் எடுத்தது பிஸ்டல். என் மச்சான் மகள் ரைஃபிள். ரைஃபிளில் நான் அறிமுக வகுப்போடு நின்றவன் என்பதால், அந்தப் பக்கம் சொல்வதெல்லாம் அவளைப் பக்கத்தில் இருந்து பார்த்தது.

பொதுவானதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் தூரம் 10 மீட்டர், குண்டு 4.5 மி.மீ. பெரியவர்கள் போட்டியில் மின்னணு இலக்கு என்றால் 60 குண்டுக்கு 1 மணி 15 நிமிடம். குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாத இந்த அளவு ஏர் துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை; .22 அளவுத் துப்பாக்கிக்குப் போனால்தான் அந்த அலைச்சல். குண்டு ஈயம், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

ரைஃபிள் இலக்கில் பத்து மதிப்பெண் தரும் நடுப்பகுதி அரை மி.மீ. புள்ளி. பிஸ்டலில் அது 11.5 மி.மீ. பார்த்தால் பிஸ்டல் சுலபம் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. ரைஃபிளுக்கு இரண்டு கை, தோள், கன்னம் எல்லாம் தாங்கல். பிஸ்டலை ஒற்றைக் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும், மணிக்கட்டுக்கு எந்த முட்டும் கிடையாது. அதனால் ரைஃபிள் பிள்ளைகளுக்கு மதிப்பெண் சீக்கிரம் ஏறும், உற்சாகமும் ஏறும். பிஸ்டலில் முதலில் கை ஆடிக்கொண்டேதான் இருக்கும். என் பக்கத்து லேனில் நின்ற பையனிடம் கோச் ஓயாமல் சொல்வார்: "கறுப்பப் பாக்காதல, முன் சைட்டப் பாருல." குழல் நுனியில் இருக்கும் குறிதான் முன் சைட்; அதையும் இலக்கின் கறுப்பு வட்டத்தையும் கண்ணால் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. கறுப்பு வட்டம் மங்கலாகவே இருக்கட்டும் என்று மனசு ஒப்புக்கொள்ளும் நாளில்தான் குண்டுகள் ஒரே இடத்தில் சேர ஆரம்பிக்கும். பொறுமை இல்லாத பிள்ளைக்கு ரைஃபிள்தான் நல்ல தொடக்கம், இதை மறைக்க மாட்டேன்.

ஆனாலும் நம்ம ஊருக்குப் பிஸ்டல் என்று நான் சொல்வதற்குக் காரணம் ரைஃபிளின் ஜாக்கெட். கேன்வாசும் தோலும் சேர்த்துத் தைத்த முரட்டு உடுப்பு அது. அதோடு பேன்ட், பூட்ஸ், கையுறை. முதுகைத் தாங்குவது அந்த விறைப்புதான். சித்திரை வெயிலில், காகித இலக்கு ஆடக் கூடாதென்று ஃபேனையும் நிறுத்திவிட்ட எங்கள் ரேஞ்சில், மச்சான் மகள் அதைக் கழற்றும்போது உள்ளே போட்டிருந்த பனியனைப் பிழியலாம். வியர்வை ஊற ஊற விறைப்பு போகும். சட்டை மாதிரி அலசிப் போடவும் முடியாது. ஐப்பசி மழையில் தோலில் பூஞ்சை பிடிக்கும், காற்றாட நிழலில் தொங்கவிட்டு அதைக் காப்பதே ஒரு வேலை. போட்டிக்குப் போனால் துணியின் தடிமன் 2.5 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்று கருவி வைத்துப் பார்ப்பார்கள். இதற்கு நடுவில் பிள்ளை வளர்ந்துவிட்டால் புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.

பிஸ்டல்காரருக்குச் சாதாரண டி-ஷர்ட், கணுக்காலுக்குக் கீழே நிற்கிற ஷூ, அவ்வளவுதான். கைக்குச் சேராத மரப்பிடியை அரத்தால் ராவி, குழிந்த இடத்தில் வுட் புட்டி அப்பிச் சரிசெய்துகொள்ளலாம். விசையை (ட்ரிகரை) இழுக்கத் தேவையான எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. விசையில் எடைக்கட்டியை மாட்டித் தூக்கிக் காட்டினால் சோதனை முடிந்தது.

வீட்டுப் பயிற்சிக்கும் இதுதான் வசதி. பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்) நின்று வெற்றுச் சுவரைப் பார்த்து, குண்டில்லாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகலாம். ஒவ்வொரு தடவையும் குழல் காலி என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் யாரும் வராதபடி கதவைச் சாத்திவிட்டுத்தான். ரைஃபிளிலும் இது உண்டு, ஆனால் முழுப் பலன் வேண்டுமென்றால் அந்த உடுப்பு மொத்தத்தையும் மாட்ட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை தினமும் மாட்டுமா?

வெளிநாட்டுப் போட்டித் துப்பாக்கி எதுவானாலும் விலை லட்சத்தைத் தாண்டும். அதனால் முதல் வருஷம் கிளப் துப்பாக்கியே போதும். பிறகு பழையது வாங்கினால், பிஸ்டலின் பிடியை மாற்றிக்கொள்ளலாம். இன்னொருவர் உடம்புக்குத் தைத்த ஜாக்கெட் சேர்வது அபூர்வம். எதை வாங்கினாலும் துப்பாக்கியில் மாட்டியிருக்கும், குண்டைத் தள்ளும் காற்றுச் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியை முதலில் பாருங்கள். தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கொடுக்கும் ஆயுள் 10 வருஷம். அதைத் தாண்டியிருந்தால் புதுச் சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.