வாத்துக்குஞ்சு ஓட்டுக்குள் திணறினால்: காத்திருப்பதா, கை வைப்பதா?

வாத்து முட்டை இன்குபேட்டரில் பொரிய 28 நாள் ஆகும்; மஸ்கோவி வகைக்கு 35. ஓட்டில் முதல் விரிசலைப் பார்த்ததும் நம் கை துறுதுறுக்கும். ஆனால் அதிலிருந்து குஞ்சு வெளியே வர ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும். சும்மா கிடப்பதுபோல் தெரிந்தாலும் உள்ளே வேலை நடக்கிறது: மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபடுகிறது, ஓட்டின் உட்புறச் சவ்விலுள்ள ரத்தம் உடலுக்குத் திரும்புகிறது. அதனால் என் வாக்கு காத்திருப்பதற்கே. இன்குபேட்டர் மூடியை மட்டும் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. ஈரப்பதம் இறங்கினால் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும்.

சரி, கை வைப்பது எப்போது? ஒன்றரை நாளுக்கு மேலாகியும் விரிசல் அப்படியே இருக்கிறது, சவ்வு பழுப்பேறிக் காகிதம்போல் விறைத்துவிட்டது, கீச்சொலியும் தளர்கிறது என்றால்தான். அப்போதும் முழுசாக உரிக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வைத் தொட்டால் அது தெளியும். உள்ளே சிவப்பு ரத்தக்குழாய் ஓடினால் அதோடு நிறுத்தி, முட்டையைத் திரும்ப வைத்துவிட்டு, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். ரத்தக்குழாய் இல்லையென்றால் மொண்ணை முனையில் ஓட்டைச் சில்லுசில்லாக எடுத்து, தலைக்கு வழிவிட்டால் போதும். மூக்குத் துளையில் தண்ணீர் படக் கூடாது. மிச்சத்தைக் குஞ்சே உதைத்துத் தள்ளிக்கொள்ளும்.

அப்புறம், விரிசல் கூர்முனையில் விழுந்திருந்தால் கதை வேறு. குஞ்சு மூச்சுவிடக் காற்று இருக்கும் இடமான காற்றறை அந்தப் பக்கம் கிடையாது. அங்கே மட்டும் ஓட்டில் விழுந்த துளையைக் கொஞ்சம் முன்கூட்டியே பெரிதாக்கிக் கொடுத்துவிடுவேன்.