‘4 பேர், டபுள் லேயர், வாட்டர்ப்ரூஃப்’: ஆன்லைனில் டென்ட் வாங்குவோர் கவனத்துக்கு

ஆன்லைனில் ₹2,500 முதல் ₹4,500 வரை போட்டு விற்கும் ‘4 பேர் டென்ட்’ வாங்கும் எண்ணம் இருந்தால், ஆர்டர் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் மலையேற்றக் குழுவுக்காக வாங்கிய டென்டில், விளம்பரம் சொன்னது ஒன்று, பெட்டியில் வந்தது ஒன்று. இரண்டையும் டேப் வைத்து அளந்து இங்கே எழுதியிருக்கிறோம். விற்றவர் பெயரைப் போடவில்லை. அதே டென்ட், அதே படங்களோடு, வேறு வேறு பெயர்களில் வரிசையாக விற்பனைக்கு இருக்கிறது; ஒரு பெயரைத் தவிர்த்து அடுத்ததில் மாட்டிக்கொள்வதில் லாபமில்லை.

விளம்பரத்தில் இருந்தது: 4 பேர் தங்கலாம், டபுள் லேயர், 3000 மி.மீ. வாட்டர்ப்ரூஃப், 8.5 மி.மீ. ஃபைபர் கிளாஸ் ‘போல்’ (டென்டைத் தாங்கும் கம்பி), எடை 2.5 கிலோ. வந்தது: 200 × 200 செ.மீ. தரை, ஒற்றைத் துணிச் சுவர், டேப் ஒட்டாத தையல், 7 மி.மீ. போல், லக்கேஜ் தராசில் 3.4 கிலோ.

முதலில் ஆள் கணக்கு. 200 செ.மீ. அகலத்தை நாலால் வகுத்தால் தலைக்கு 50 செ.மீ. சாதாரணத் தூங்கும் பாயே 50 முதல் 60 செ.மீ. அகலம் இருக்கும். பைகளுக்கு இடமே இல்லை. சுவர் உள்பக்கம் சாய்வதால், உயரமானவர்களுக்குத் தலையோ காலோ துணியில் உரசும்; வெளியே மழை என்றால் உரசிய இடம் நனையும். நல்ல கம்பெனிகளும் ஆள் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டித்தான் போடுகின்றன. எனவே இதை மோசடி என்று சொல்ல மாட்டோம். போட்டிருக்கும் எண்ணில் ஒன்றைக் கழித்துவிடுங்கள், மழைக்காலம் என்றால் இரண்டு.

மோசடி ‘டபுள் லேயர்’ என்ற சொல்லில் தொடங்குகிறது. இரண்டு அடுக்கு டென்ட் என்றால், உள்ளே காற்று புகும் துணியோ வலையோ கொண்ட கூடு ஒன்று. அதன் மேல் நீர் புகாத ஃப்ளை என்ற வெளிப்போர்வை ஒன்று, நாலு பக்கமும் தரைக்குச் சற்று மேல் வரை இறங்கி, உள்கூட்டைத் தொடாமல் சற்று இடைவெளி விட்டு நிற்க வேண்டும். வந்த டென்டில் சுவர் முழுக்க ஒரே துணி. உச்சியில் இருக்கும் வலைச் சன்னலை மறைக்கக் குல்லாய் மாதிரி ஒரு சின்னத் துணி. அதைத்தான் இரண்டாவது அடுக்கு என்று கணக்குக் காட்டினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை நேராக விழுவதில்லை, காற்றோடு சாய்ந்து அடிக்கும். குல்லாய் காக்கும் இடம் உச்சி மட்டும். கதவு ஜிப்பும் சுவர்த் தையலும் நேரடியாக மழையை வாங்கும். விளம்பரப் படத்தில் ஃப்ளையின் ஓரம் எங்கே முடிகிறது என்று பாருங்கள். இடுப்பளவிலோ அதற்கு மேலோ முடிந்தால் அது மழைக்கான டென்ட் இல்லை, வெயிலுக்கும் கொசுவுக்கும் ஆனது.

அடுத்தது 3000 மி.மீ. துணியின் மேல் எத்தனை மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது கசியத் தொடங்குகிறது என்பதே இந்த எண். 3000 என்றால் 3 மீட்டர் தண்ணீரைத் தாங்க வேண்டும். ஐஎஸ்ஓ 811 என்ற சோதனை முறையில் துணியின் மறுபக்கம் மூன்று இடங்களில் சொட்டு தெரிந்தால் அந்த உயரத்தோடு கணக்கு முடிந்தது. சில விற்பனையாளர்கள் இதற்குப் பதிலாக 190டி (190T), 210டி (210D) என்று எதையாவது போட்டு வாட்டர்ப்ரூஃப் போலக் காட்டுவார்கள். 190T என்பது நெசவு எவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்வது. 210D, அதாவது 210 டெனியர், என்பது நூலின் கனம். இரண்டுக்கும் நீர் தாங்குவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நீரைத் தடுப்பது துணியின் உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு.

பக்கெட் மேல் துணியைக் குழியாகக் கட்டித் தண்ணீர் ஊற்றி, ‘பாருங்கள், சொட்டுகூட இறங்கவில்லை’ என்று காட்டும் வீடியோக்களை நம்ப வேண்டாம். பக்கெட்டில் நிற்பது ஒரு சாண் ஆழம், அதாவது ஏறக்குறைய 200 மி.மீ. அதைத் தாங்காத துணி ஒன்றுக்கும் ஆகாது. தாங்கினால் 3000 என்றும் ஆகாது. வீட்டில் செய்யக்கூடிய நல்ல சோதனை வேறு. பிளம்பிங் கடையில் ஒன்றரை அங்குல பிவிசி பைப் 2 மீட்டர் வாங்குங்கள். ஃப்ளையில் தையல் இல்லாத இடமாகப் பார்த்து, துணியின் வெளிப்பக்கம் பைப்புக்குள் பார்த்தபடி அடி வாயில் போர்த்தி, சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றி, அதன் மேல் ஹோஸ் கிளிப்பை முறுக்குங்கள். அளவாக முறுக்கினால் போதும், அதிகமானால் பூச்சில் தழும்பு விழும். பைப்பை நிமிர்த்திப் பிடித்து மேலிருந்து மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். நிறைய இரண்டரை லிட்டர் பிடிக்கும். கிளிப் ஓரத்தில் கசிவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். துணியின் நடுவில் வரும் சொட்டைப் பாருங்கள். ‘3000’ என்று விற்ற அந்தத் துணியில் பைப் பாதி நிறைவதற்குள் மூன்று சொட்டு வந்துவிட்டது. அதாவது 1000 மி.மீ.கூட இல்லை. இதை முழுவதும் வீடியோ எடுத்து வைத்திருந்தது பின்னால் கைகொடுத்தது.

ஒன்று சொல்லியாக வேண்டும்: எண் உண்மையாகவே இருந்தாலும் தையலில் டேப் ஒட்டவில்லை என்றால் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு தையலும் வரிசையாக ஊசி ஓட்டை. உள்பக்கமாகத் துணியைத் திருப்பினால், தையல் மேல் ஒரு விரல் அகலத்துக்குக் கண்ணாடி போன்ற பட்டை ஒட்டியிருக்க வேண்டும். டென்டுக்குள் உட்கார்ந்து வெயில் பக்கம் பார்த்தால், டேப் இல்லாத தையலில் வெளிச்சப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். எங்களைக் கேட்டால், 1500 மி.மீ. துணியும் ஒழுங்காக டேப் ஒட்டிய தையலும் இருக்கும் டென்டைத்தான் 3000 போட்ட டேப் இல்லாத டென்டுக்கு முன்னால் எடுப்போம்.

தரையையும் விடாதீர்கள். மலிவு டென்டில் தரை என்பது தார்ப்பாய் ரகப் பாலிஎத்திலீன் விரிப்பு. அது தப்பில்லை, நன்றாகவே உழைக்கும். ஆனால் அந்த விரிப்பு தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. வரை தொட்டி மாதிரி மேலே ஏறி, அதற்கு மேல்தான் சுவர்த் துணியோடு தைக்கப்பட்டிருக்க வேண்டும். தையல் தரையோடு தரையாக இருந்தால், மழையில் டென்டைச் சுற்றி ஓடும் தண்ணீர் நேரே ஊசி ஓட்டைக்குள் போகும். அடியில் தனியாக ஒரு ஷீட் விரிப்பவர்களும் அது டென்டை விட வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல் ஒரு கை அளவு உள்ளே மடித்துவிட வேண்டும். நீட்டினால் மழைத் தண்ணீரைப் பிடித்து அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பழைய சரக்கு இதைவிட மோசம். பாலியூரித்தேன் பூச்சு ஈரப்பதமான கோடவுனில் வருஷக்கணக்கில் கிடந்தால் தானாகவே சிதைந்துவிடும். உள்பக்கத்தை விரலால் தேய்த்தால் பிசுபிசுக்கும், வாந்தி போலப் புளித்த நாற்றம் வரும், பிறகு வெள்ளைச் செதிலாக உரியும். ‘புது பிளாஸ்டிக் வாசனை’ என்று விற்பனையாளர் சமாளிப்பார். புதுப் பூச்சு வழவழப்பாக இருக்கும், கையில் ஒட்டாது. இந்த டென்டின் பெட்டியில் தயாரிப்பு மாதமும் வருடமும் போட்ட ஸ்டிக்கரின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் கிளப்பினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர், மூன்று வருஷம் முந்தைய தேதியோடு. பெட்டியைக் கிழித்துப் போடுவதற்கு முன் லேபிளை ஒருமுறை தடவிப் பாருங்கள்.

போல் விஷயத்தில் ஒன்றரை மி.மீ. தானே என்று விட்டுவிட வேண்டாம். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நாலாம் படியில் (விட்டம் × விட்டம் × விட்டம் × விட்டம்) ஏறும். உள்துளை அதே விகிதத்தில் இருந்தால், 8.5 மி.மீ. போல் 7 மி.மீ. போலை விட இரண்டு மடங்குக்கும் மேல் விறைப்பு. 7 மி.மீ. போல் போட்ட 4 பேர் டென்ட், கொடைக்கானல் மேட்டில் அடிக்கும் காற்றில் ஒரு பக்கமாகப் படுத்துக்கொள்ளும். சுவர் உடம்பில் ஒட்டும். உடைவது பெரும்பாலும் உலோகக் குழாய் மாட்டும் இணைப்பில்தான். துண்டு முழுசாக உள்ளே போகாமல் பாதியில் நிற்கும்போது வளைத்தால் நார் நாராகப் பிளக்கும். பிளந்த ஃபைபர் கிளாஸை வெறுங்கையால் தொடாதீர்கள், சிலாம்பு ஏறினால் எடுப்பது பெரும்பாடு. குடை மாதிரி ஒரே இழுப்பில் விரியும் டென்டில், நடுவிலுள்ள பிளாஸ்டிக் மையம் உடைந்தால் கதை முடிந்தது. உதிரி கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். இந்த விலையில் பதில் வராது.

இவ்வளவையும் மலைக்குப் போவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். விற்பவர்களின் கணக்கே இங்கேதான் இருக்கிறது. டென்டை வாங்கி உடனே யாரும் பிரிப்பதில்லை. பொங்கல் லீவுக்கோ மே மாதத்துக்கோ எடுத்துவைப்பார்கள். திருப்பிக் கொடுக்கக் கிடைப்பது பல இடங்களில் 7 நாள், அதுவும் ‘மாற்றித் தருவோம், பணம் தர மாட்டோம்’ என்ற நிபந்தனையோடு. மாற்றி வருவது அதே சரக்கு.

ஆகவே டென்ட் வந்த வாரமே மொட்டை மாடியில் நிறுத்துங்கள். அங்கே பெக் (டென்டைத் தரையில் பிடித்து வைக்கும் முளை) அடிக்க முடியாது, நாலு மூலையிலும் 5 லிட்டர் தண்ணீர் கேன் வைத்தால் போதும். உள்ளே தரை முழுக்கப் பழைய செய்தித்தாளைப் பரப்பி, ஜிப்பை மூடுங்கள். ஷவர் தலை மாட்டிய ஹோஸில் மேலிருந்து மழை போலத் தண்ணீர் விழட்டும், 20 நிமிஷம். ஹோஸ் வாயை விரலால் அழுத்திப் பீய்ச்சாதீர்கள். அந்த அழுத்தம் மழைக்குக் கிடையாது, விற்பவர் அதைப் பிடித்துக்கொள்வார். பிறகு திறந்தால் எங்கே ஒழுகியது என்பதைச் செய்தித்தாள் கருத்துக் காட்டிவிடும். இந்த டென்டில் இரண்டு மூலையும் ஜிப்புக்கு அடியிலும் சொதசொதவென்று ஊறிக் கிடந்தன.

ஆள் இல்லாமல் சோதிப்பதில் இன்னொரு லாபம் உண்டு. ஒழுகுகிறது என்று புகார் சொன்னால் வரும் முதல் பதில், ‘அது ஒழுகல் இல்லை சார், உங்கள் மூச்சுக்காற்றின் ஈரம்’. அப்படி ஒன்று உண்மையில் உண்டு. குளிர் ராத்திரியில் ஆட்கள் விடும் மூச்சு துணியின் உள்பக்கம் பனிபோலப் படியும், மழையே இல்லாத இரவிலும் படியும், பரப்பு முழுக்கப் பொடித்துளியாக இருக்கும். ஒழுகல் தையல் வழியே கோடாக இறங்கும், மூலையில் தேங்கும். பகலில், உள்ளே ஒருவரும் இல்லாத டென்டில் தண்ணீர் நின்றால் யாருடைய மூச்சு என்று அவரே சொல்லட்டும்.

ஆர்டர் போடும் அன்றே விளம்பரப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். புகார் கொடுத்த மறுநாள் அந்தப் பக்கத்தில் ‘3000’ என்ற எண் காணாமல் போய், ‘நீர் தடுக்கும் துணி’ என்று மாறியிருந்தது. கீழே இருந்த மதிப்புரைகளில் பாதி கொசுவலைக்கு வந்தவை; பழைய பொருளின் பக்கத்திலேயே டென்டை ஏற்றியிருக்கிறார்கள். எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதை விட்டு, வாங்கியவர்கள் போட்ட படங்களில் டென்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் திரும்பப் பெறுவதற்குச் சட்டம் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரம் செய்த தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பனையாளர் மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எனவே சாட் பாக்ஸில் மல்லுக்கட்டாமல், அந்த அதிகாரியின் மின்னஞ்சலைத் தளத்திலேயே தேடி எழுதுங்கள். ‘குவாலிட்டி சரியில்லை’ என்று எழுதினால் மாற்றித் தருவோம் என்ற சுற்றுக்குள் தள்ளிவிடுவார்கள். ‘விளம்பரம் 8.5 மி.மீ., வந்தது 7 மி.மீ., படம் இணைப்பு’ என்று ஒவ்வொன்றாக அளவோடு எழுத வேண்டும். மதிப்புரையை நீக்கினால் ₹500 தருகிறோம் என்று வரும் அழைப்புக்குச் சம்மதிக்காதீர்கள். அதை வாங்கிக்கொண்டால் விஷயம் தீர்ந்துவிட்டதாகப் பதிவாகும். இந்த டென்டுக்கான பணம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவான பிறகே திரும்பியது. அதிலும் முடியவில்லை என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். ₹5 லட்சம் வரை பொருளின் விலை என்றால் கட்டணம் இல்லை.

திருப்பி அனுப்புவதாக இருந்தால், நனைந்த டென்டை நிழலில் முழுக்கக் காயவைத்துவிட்டே மடியுங்கள். ஈரத்தோடு போனால் ‘பயன்படுத்திய பொருள்’ என்று திரும்பி வரும். போல், பெக், கயிறு எல்லாவற்றையும் எண்ணித் தரையில் பரப்பிப் படம் எடுத்து, பையோடு பெட்டியில் போட்டு, எடுக்க வருபவர் முன்னால் டேப் ஒட்டி, அவரிடம் ரசீது வாங்குங்கள். அந்த இரட்டை ஸ்டிக்கர் ஒட்டிய லேபிளையும் தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டி போன பிறகு அது கையில் இருக்காது.