மடக்கு மேஜிக் மேசையும் சாக்கெட்டில் இருக்கும் அந்த 1 மில்லிமீட்டரும்

ஸ்பீக்கர் ஸ்டாண்டின் மேல் மடக்குப் பலகை பொருத்திச் செய்யும் மேஜிக் மேசை நன்றாக உழைக்கிறதா, தானும் ஒன்று செய்யலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஸ்டாண்டின் குழாய் செருகும் சாக்கெட்டைப் பழுது பார்த்து முடித்த கையோடு எழுதுகிறேன். ஆகவே கோபம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நியாயமாக எழுதப் பார்க்கிறேன்.

அமைப்பு தெரிந்ததுதான். 60 × 45 செ.மீ. மேற்பரப்பு. 12 மி.மீ. பிளைவுட்டில் 30 × 45 அளவில் இரண்டு பாதிகள், அடியில் இரண்டையும் பிடித்து நிறுத்தும் 40 × 20 செ.மீ. இணைப்புப் பலகை, அதில் சாக்கெட், அதற்குள் ஸ்டாண்டின் 35 மி.மீ. குழாய். நின்று செய்பவருக்கு உயரம் சுமார் 90 செ.மீ. மொத்த எடை 6 கிலோ அளவில் அடங்கிவிடும். மடக்கினால் பலகை ஒரு முதுகுப் பைக்குள் போகும்.

எரிச்சல் எல்லாம் அந்த சாக்கெட்டில்தான். குழாய் 35 மி.மீ., சாக்கெட்டின் உள்விட்டம் 36. ஒரு மில்லிமீட்டர் தானே என்று தோன்றும். சாக்கெட்டின் ஆழம் 75 மி.மீ. என்றால், குழாய் அதற்குள் 75-க்கு 1 என்ற அளவில் சாயும். நடுவிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கும் மேசை விளிம்பில் அது 4 மி.மீ. ஆகிவிடுகிறது. ஒரு பக்கம் 4 மி.மீ. இறங்கும்போது மறுபக்கம் அதே அளவு ஏறும். ஸ்பீக்கருக்கு இது ஒரு குறையே இல்லை, அதன் எடை அதை ஒரே நிலையில் உட்கார வைத்துவிடும். மேசையோ கை பட்ட பக்கமெல்லாம் சாயும். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்தால் கடைசி வரிசை வரை நடுக்கம் தெரியும். சீட்டுக் கட்டை அழுத்தி விரிக்கும்போது கை விளிம்பை நெருங்க நெருங்கப் பலகை தாழும், விரிப்பின் கடைசிச் சீட்டுகள் கொத்தாக நின்றுவிடும். கப் அண்ட் பால்ஸில் (கவிழ்த்த கிண்ணங்களுக்கு அடியில் பந்துகள் மறைந்து தோன்றும் வித்தை) கிண்ணத்தைக் கவிழ்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு 'டக்' சத்தம். நேரத்தைக் கணக்கிட்டுச் செய்யும் வித்தையில் நாம் கேட்காத சத்தம் வருவதைவிட மோசமானது வேறில்லை.

இதற்கு இன்சுலேஷன் டேப் சுற்றச் சொல்வார்கள். வேண்டாம். வெயிலில் நின்ற வண்டிக்குள் ஒரு மதியம் இருந்தால் அதன் பசை இளகி, டேப் மடிப்பு மடிப்பாகக் கீழே வழியும். பிறகு குழாயை வெளியே இழுக்கவே போராட வேண்டும். 0.25 மி.மீ. பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்றாக சாக்கெட்டின் உள்சுவரில் ஒட்டுவது பரவாயில்லை, கொஞ்ச காலம் நிற்கும். நிலையான வழி திருகுதான், ஆனால் ஒன்று போதாது. ஒற்றைத் திருகு குழாயை எதிர்ச்சுவரோடு அழுத்தும். அந்தத் திசையில் ஆட்டம் நிற்கும், குறுக்குத் திசையில் அப்படியே இருக்கும். இரண்டு திருகுகளை ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் வைக்க வேண்டும்: ஒன்று சாக்கெட்டின் வாயிலிருந்து 15 மி.மீ. உள்ளே, மற்றது அதன் மூடிய முனைக்கு 15 மி.மீ. முன்னால். 5 மி.மீ. துளை போட்டு எம்6 (6 மி.மீ. திருகுக்கான) மரை வெட்டினால் போதும். சுவர் 4 மி.மீ.க்குக் குறைந்த தகடாக இருந்தால் மரை நிற்காது, வெளியே ஒரு நட்டை வெல்டிங் செய்துகொள்ள வேண்டும். திருகின் முனையில் நைலான் இருக்கட்டும். வெறும் இரும்பு முனை குழாயில் குழி போட்டுவிடும். பிறகு எப்படி வைத்தாலும் திருகு அந்தப் பழைய குழிக்கே போய் உட்காரும்.

இவ்வளவு செய்த பின்னும் ஸ்டாண்டின் நீட்டுக் குழாயில் ஒரு சின்ன ஆட்டம் மிஞ்சுகிறது. உள்குழாய் வெளிக்குழாய்க்குள் 20 செ.மீ.யாவது இருக்கும்படி உயரத்தை வைத்தால் அது விளிம்பில் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும். முழுக்க நீட்டிய ஸ்டாண்டில் மேசை வைக்கவே கூடாது.

சாய்வது ஒன்று, கவிழ்வது வேறு. மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள கவிழ்கோடு (எடை அதைத் தாண்டி விழுந்தால் ஸ்டாண்ட் கவிழும்), மையத்திலிருந்து காலின் நீட்டத்தில் பாதித் தூரத்தில்தான் இருக்கிறது. கால்கள் மையத்திலிருந்து 50 செ.மீ. விரிந்தால் அந்தக் கோடு 25 செ.மீ.யில். மேசையின் மூலைகள் அதைத் தாண்டி நிற்கின்றன. கை அதிகம் ஊன்றுவது நம் பக்கத்து விளிம்பில் என்பதால் ஒரு கால் நம்மை நோக்கி இருக்க வேண்டும். அப்படி வைத்தாலும் நம் பக்கத்து இரண்டு மூலைகளும் ஆபத்தானவையே, அங்கே கனமான எதையும் வைக்காதீர்கள். ஸ்டாண்டின் நடுவில் ஒரு கொக்கி மாட்டி, 2 கிலோ எடையுள்ள பையைத் தொங்கவிட்டால் பெரிய வித்தியாசம் தெரியும்.

இனி பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். பலகை அருமை. கீல்கள் அடிப்பக்கம் இருப்பதால் மேலே எதுவும் துருத்தவில்லை. 5 செ.மீ. கீல் இரண்டே போதும், ஆனால் இரண்டும் இணைப்புப் பலகைக்கு வெளியே, ஓரங்களை ஒட்டி இருக்க வேண்டும். பியானோ கீல் (மடிப்பின் முழுநீளத்துக்கும் ஓடும் ஒரே கீல்) போட்டால் அதன் உருளை மீது இணைப்புப் பலகை உட்கார்ந்து, இன்னொரு ஆட்டத்தை இலவசமாகத் தரும். பாதிகளை இடைவெளி இல்லாமல் கிளாம்ப் போட்டு இறுக்கிய நிலையில் கீலைத் திருக வேண்டும். திருகு 10 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. இணைப்புப் பலகைக்கு எம்6 குமிழ்த் திருகு நான்கு, பாதிக்கு இரண்டு, மடிப்பிலிருந்து 16 செ.மீ. தள்ளி. சாக்கெட்டை மட்டும் மடிப்பின் குறுக்கே திருகி விட்டுவிட்டால் பாதிகள் இரண்டும் இறக்கை போலத் தொங்கிவிடும். அந்தத் திருகுகள் இறுகும் டி-நட்டுகளை (பற்களோடு மரத்தில் பதியும் நட்டுகள்) மேல் முகத்திலிருந்து, தலை அளவுக்கு 2 மி.மீ. பள்ளம் பறித்து அடித்து இறக்குங்கள். கீழிருந்து அடித்தால் திருகை இறுக்கும்போது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

எதிர்பாராத மகிழ்ச்சி மேல்விரிப்பு. 4 மி.மீ. நியோப்ரீன் பாயை (ஒரு முகத்தில் துணி உள்ள மெத்தென்ற ரப்பர்) ஒட்டாமல், நான்கு மூலையிலும் வெல்க்ரோ வைத்து விரித்தால் நடுமடிப்பு விரலுக்குக்கூடத் தெரிவதில்லை. நாணயம் வைத்தால் சத்தம் அமுங்குகிறது, சீட்டை நகத்தால் தூக்க முடிகிறது. சுருட்டும்போது துணி முகம் வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்துச் சுருட்டினால் விரித்தபின் ஓரங்கள் மேல்நோக்கி வளைந்து நிற்கும்.

இன்னொன்று, ஓரம் மெலிந்து தெரிவது. 1845-இல் பாரிஸில் பிரெஞ்சு மேஜிக் கலைஞர் ராபர்ட்-ஹூடின் தரைவரை துணி தொங்கும் மேசைகளைக் கைவிட்டு, வீட்டு அறைபோல் எளிய மரச்சாமான்களை மேடையேற்றினார். காரணம் இன்றும் அதேதான். தடித்த மேசையைப் பார்த்ததும் சந்தேகம் மேசைக்குப் போகும், வித்தைக்குப் போகாது. அடி விளிம்பைச் சரிவாகச் சீவினால் 12 மி.மீ. பலகை பார்வைக்குப் பாதியாகத் தெரியும். கீழே ஒற்றைக் குழாய் மட்டும் என்பதால் ஒளித்துவைக்க இடமே இல்லை என்று பார்ப்பவரே முடிவு செய்துகொள்கிறார்.

இத்தனையும் சொன்ன பிறகு நண்பருக்கு என் பதில்: கப் அண்ட் பால்ஸ் செய்பவராக இருந்தால் இந்த மேசை வேண்டாம். இதே பலகையை எக்ஸ் வடிவ மடக்குக் கால்களில் ஏற்றுங்கள். 2 கிலோ கூடும், சுமக்கலாம். கயிறு, பட்டுத் துணி, சீட்டு மட்டும் என்றால் ஸ்டாண்ட் போதும். அப்போதும் 35 மி.மீ. குழாய் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், சாக்கெட்டில் செருகி ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். சாக்கெட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளவுகோலை நிறுத்திப் பாருங்கள். 2 மி.மீ.க்கு மேல் அசைந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.