அத்தையின் ஈரல் கட்டிக்கு மைக்ரோவேவ் அப்லேஷன்: புதுச்சேரியில் எங்கள் அனுபவம்

என் மாமியாருக்கு வயது 63. கடந்த மார்ச்சில் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவருக்கு மைக்ரோவேவ் அப்லேஷன் செய்தோம். வயிற்றைத் திறக்காமல், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஒரு நீள ஊசியை ஈரல் கட்டிக்குள் செலுத்தி, சூட்டாலேயே அதைப் பொசுக்கிவிடுகிற சிகிச்சை. எங்கள் ஊரான கடலூரில் இதைச் செய்துகொண்ட யாரையாவது விசாரிக்கலாம் என்று தேடினோம், ஒருவரும் கிடைக்கவில்லை. எங்களைப் போலத் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அத்தைக்குப் பல வருடமாக ஹெபடைடிஸ் பி என்கிற ஈரல் வைரஸ் தொற்று. அதனால் ஈரல் தழும்பேறி இறுகிப்போகிற சிரோசிஸும் வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மஞ்சக்குப்பத்தில் வயிற்று ஸ்கேனும், ஈரல் புற்றுநோய் வந்திருக்கிறதா என்று கவனிக்க ஏஎஃப்பி என்கிற ரத்தப் பரிசோதனையும் எடுப்போம். "நல்லாத்தானேம்மா இருக்கேன், எதுக்குக் காசைக் கொட்டுறே?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஜனவரி ஸ்கேனில் வலது பக்கம் ஒரு கட்டி தெரிந்தது. மருந்து ஏற்றி மூன்று கட்டமாகப் படம் எடுக்கிற ட்ரிப்பிள் ஃபேஸ் சிடி ஸ்கேனில் அதன் அளவு 2.3 சென்டிமீட்டர். 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் இந்தச் சிகிச்சை நன்றாகப் பலிக்குமாம்.

ஊசி போடுபவர் ரேடியாலஜி டாக்டர். "ஸ்கேன் பார்க்கிறவரா வைத்தியம் பண்ணப்போறாரு?" என்று என் கணவருக்கு ஒரே தயக்கம். இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி என்று இதற்குத் தனிப் பயிற்சியே இருக்கிறது. அந்த டாக்டர் அரை மணி நேரம் எங்களை உட்காரவைத்து, சிடி படத்தைத் திரையில் நகர்த்தி நகர்த்திக் காட்டினார். அறுவை சிகிச்சை என்றால், சிரோசிஸ் வந்த ஈரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பிறகு மிச்சம் இருப்பது தாங்குமா என்பது கவலை. ஊசி முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரிய ரத்தக்குழாயை ஒட்டிக் கட்டி இருந்தால், ஓடுகிற ரத்தம் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும், அந்த ஓரத்தில் கொஞ்சம் சாகாமல் தங்கிவிடலாம். அத்தைக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் கட்டி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத் தசைக்குப் பக்கத்தில் இருந்ததால் பிறகு வலது தோள் வலிக்கும் என்றார். அப்படியே வலித்தது. முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை. அந்த அரை மணி நேரத்துக்காகவே இவரிடம் இன்னொருவரைத் தைரியமாக அனுப்புவேன்.

குறை இரண்டு. காலை எட்டு மணிக்கு என்று சொல்லி, நள்ளிரவிலிருந்து அத்தையைப் பட்டினி போட்டார்கள். உள்ளே கூட்டிப்போனபோது மணி ஒன்றரை. சர்க்கரை உள்ளவர், நாக்கு வறண்டு, "ஒரு வாய் தண்ணி குடும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் நான்கு தடவை போய்க் கேட்ட பிறகுதான் சர்க்கரை அளவு பார்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். இது மன்னிக்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது, முதலில் கொடுத்த எஸ்டிமேட்டில் அந்த ஊசியின் விலையைச் சேர்க்கவே இல்லை. ஒருவருக்கு மட்டும் பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற ஊசி, செலவில் பெரும் பங்கு அதற்குத்தான். "ஊசியும் சேர்த்தா?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிகிச்சை எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். சூடு வைத்தது எட்டு நிமிடம்தானாம். விலாவில் ஒரு சின்ன பிளாஸ்டர், அவ்வளவுதான். மறுநாளே டிஸ்சார்ஜ். பஸ் வேண்டாம் என்று கார் பிடித்துக் கடலூர் வந்தோம். மூன்று நாள் லேசான காய்ச்சலும் அசதியும் இருந்தது. அதையும் முன்பே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

எங்களை உண்மையில் உலுக்கியது ஒரு மாதம் கழித்து எடுத்த சிடி. ரிப்போர்ட்டை மொபைலில் அனுப்பினார்கள். என் கணவர் படித்துவிட்டுப் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். வாங்கிப் பார்த்தேன், 3.9 சென்டிமீட்டர் என்று இருந்தது. 2.3 ஆக இருந்தது எரித்த பிறகு இவ்வளவு வளர்ந்துவிட்டதா? அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தையிடம் மூச்சு விடவில்லை. காலையில் டாக்டருக்குப் போன் செய்தால், "அது கட்டி இல்லம்மா, நாங்க எரிச்ச இடம்" என்றார். கட்டியை மட்டும் எரித்தால் ஓரத்தில் மிச்சம் இருந்துவிடலாம் என்பதால் சுற்றிலும் நல்ல ஈரலையும் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை சேர்த்தே எரிக்கிறார்கள். ஆகவே எரித்த இடம் கட்டியைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது அளவை அல்ல, மருந்து ஏற்றி எடுக்கும்போது அந்த இடம் ரத்தம் ஏற்கிறதா என்பதை. 'என்ஹான்ஸ்மென்ட் இல்லை', அதாவது அந்த இடம் ரத்தம் ஏற்கவில்லை, உயிரோடு கட்டி மிச்சம் தெரியவில்லை என்று அதே ரிப்போர்ட்டில் கீழே இருந்தது. நாங்கள்தான் அளவோடு நின்றுவிட்டோம். இதை ஒரு வரி எழுதி டிஸ்சார்ஜ் சம்மரியோடு கொடுத்திருக்கலாம்.

இதோடு முடிந்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சிரோசிஸ் இருக்கிற ஈரலில் வேறு இடத்தில் புதிதாகக் கட்டி வரலாம். அதனால் ஹெபடைடிஸ் மாத்திரை தொடர்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு சிடி. ஜூலையில் எடுத்ததில் புதிதாக எதுவும் இல்லை, எரித்த இடமும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. அடுத்தது அக்டோபரில்.