டிரேட்மார்க் "மூணே நாள்ல" என்றவர்களிடம் 25,370 ரூபாய் போச்சு: தொழில் தொடங்குகிறவர்கள் ஒரு தடவை படித்துவிடுங்கள்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் தங்கச்சியும் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு போட்டு விற்கிறோம். கடைப் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்யக் கட்டிய பணம் 25,370 ரூபாய். நேற்று ராத்திரி டிரேட்மார்க் ரிஜிஸ்ட்ரி இணையதளத்தில் எங்கள் விண்ணப்ப நம்பரைப் போட்டால் 'அபாண்டன்ட்' என்று நிற்கிறது. கைவிடப்பட்டதாம். நாங்கள் எதையும் கைவிடவில்லை. கம்பெனி பெயரைப் போடக் கை துடிக்கிறது, ஆனால் புகார் கொடுக்கப் போவதால் இங்கே வேண்டாம். ஜிஎஸ்டி, உணவு லைசென்ஸ், கம்பெனி பதிவு, டிரேட்மார்க் எல்லாம் ஆன்லைனிலேயே முடித்துத் தருகிறோம் என்று விளம்பரம் ஓட்டுகிற வகையறா. யாரென்று பாதிப் பேருக்குப் புரிந்திருக்கும்.

ஏமாந்தது பேச்சில்தான். விளம்பரத்தில் நம்பர் கொடுத்த அஞ்சாவது நிமிஷம் ஒரு பெண் கூப்பிட்டார். "அக்கா, நானும் கோபிப் பக்கந்தானுங்க. நம்மூர்ப் பொண்ணுங்க தொழில் பண்றீங்க, உங்களுக்குச் செய்யாம வேற யாருக்குங்க செய்யறது?" எங்கள் கொங்குப் பேச்சின் அந்த 'ங்க' காதில் விழுந்ததும் பாதி சந்தேகம் போய்விட்டது. பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் அழைப்பு. "பேர் சர்ச் பண்ணிட்டனுங்க, கிளியரா இருக்குது. மூணே நாள்ல டிரேட்மார்க் கைக்கு வந்துருமுங்க." அன்றைக்குச் சாயங்காலமே ஜிபேயில் அனுப்பினோம்.

மூன்று நாளில் வருவது விண்ணப்ப நம்பர் மட்டும்தான். அதற்குப் பிறகு ஃபார்மாலிட்டி சரிபார்ப்பு, லோகோ இருந்தால் அதிலுள்ள படத்துக்கு வகை எண் (வியன்னா கோடு) போடுவது, பிறகு விண்ணப்பத்தைச் சோதிக்கும் அதிகாரியான எக்ஸாமினரின் அறிக்கை. அதைத் தாண்டினால் திங்கள்தோறும் வரும் டிரேட்மார்க் ஜர்னலில் வெளியாகும். வெளியான பிறகு யாராவது எதிர்ப்புத் தெரிவிக்க 4 மாதம் அவகாசம். அந்த 4 மாதமும் கழிந்தால்தான் சான்றிதழ். சட்டமே 4 மாதம் காத்திருக்கச் சொல்கிறதை மூணு நாளில் தர எவராலும் ஆகாது. இது தெரிந்திருந்தால் அந்த முதல் போனையே வைத்திருப்போம்.

பில்லை இப்போது எடுத்து வைத்துப் பார்க்கிறேன். அரசுக் கட்டணம் ஒரு வகுப்புக்கு (பொருள்களையும் சேவைகளையும் பிரித்து வைத்திருக்கும் வகை) 9,000 வீதம் இரண்டு வகுப்புக்கு 18,000. சர்வீஸ் 3,500. மொத்தத்துக்கும் சேர்த்து 18 சதவீதம் ஜிஎஸ்டி 3,870. ஆக 25,370. இதில் எத்தனை ஓட்டை என்று பாருங்கள். தொழில் என் ஒருத்தி பெயரில் இருக்கிறது. தனிநபர் ஆன்லைனில் டிஎம்-ஏ என்கிற விண்ணப்பப் படிவம் போட்டால் வகுப்புக்கு 4,500 தான், சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழ்கூடத் தேவையில்லை. பார்ட்னர்ஷிப், கம்பெனி என்றால்தான் உத்யமோ ஸ்டார்ட்அப் அங்கீகாரமோ காட்டி 4,500. எதுவும் இல்லாவிட்டால் 9,000. அரசுக் கட்டணத்தை அரசுக்கு அப்படியே கட்டுவதாகத் தனியாகக் காட்டினால் அதற்கு ஜிஎஸ்டியும் கிடையாது, சர்வீஸ் தொகைக்கு மட்டும்தான். உண்மையில் அவர்கள் அரசுக்குக் கட்டியது வெறும் 4,500. ஒரே ஒரு வகுப்பு! இது எப்படித் தெரிந்தது என்றால், நம்பரைப் போட்டால் ஸ்டேட்டஸ் பக்கத்திலேயே அவர்கள் ஏற்றிய டிஎம்-ஏ படிவம் திறக்கிறது. எங்கள் பெயர், கட்டின தொகை, வகுப்பு எல்லாம் அதில் இருக்கிறது. இத்தனை மாதமாக அதைத் திறக்கவே இல்லை. அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய, தங்கக் கலர் பார்டர் போட்ட, வட்டமுத்திரை குத்திய ஒரு 'சர்டிபிகேட்'டைப் பிரேம் போட்டுக் கடையில் மாட்டினோம். அது ரிஜிஸ்ட்ரி கொடுத்ததே இல்லை, அவர்களே டிசைன் பண்ணினது.

படிவத்தைப் படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. வகுப்பு மொத்தம் 45. 1 முதல் 34 வரை பொருள், 35 முதல் 45 வரை சேவை. மசாலா, பொடி வகைகள் 30. தொக்கு, ஊறுகாய், நெய், சமையல் எண்ணெய் எல்லாம் 29. எங்களுக்கு இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் காசு வாங்கினார்கள், போட்டது 30 மட்டும். அதிலும் "இட்லிப் பொடி, பருப்புப் பொடி" என்று எழுதாமல் காபி, டீ, சர்க்கரை, அரிசி, ரொட்டி என்று வகுப்புத் தலைப்பு முழுவதையும் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். காபி விற்காத நாங்கள் காபிக்காரர்களோடு மோத வேண்டியதாயிற்று. விடுபட்ட தொக்கை இதே விண்ணப்பத்தில் பின்னால் சேர்க்கவும் முடியாது. திருத்தத்துக்கு டிஎம்-எம் படிவம் இருக்கிறது, ஆனால் முதலில் போடாத புதுப் பொருளை அதன் வழியே நுழைக்க விதி இடம் தராது.

அடுத்தது உபயோகத் தேதி. 2019 முதல் விற்கிறோம், பில் புத்தகம் இருக்கிறது. அப்படியானால் அந்தத் தேதியைப் போட்டு, அஃபிடவிட்டும் ஆதாரமும் சேர்த்துத் தர வேண்டும். இவர்கள் கேட்கவே இல்லை. "இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம்" என்று டிக் அடித்துவிட்டார்கள். யார் முதலில் பதிந்தார் என்பது மட்டுமல்ல, யார் முதலில் பயன்படுத்தினார் என்பதும் இந்தச் சட்டத்தில் எடைபோடப்படும். 34-ஆம் பிரிவு முந்தைய உபயோகிப்பாளரைக் காக்கிறது. ஐந்தாறு வருஷத்து பில்லை அந்த ஒரு டிக் குப்பைக்கு அனுப்பியது.

"சர்ச் கிளியர்" கதையும் இப்படித்தான். அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ஒரே ஒரு ஆங்கில ஸ்பெல்லிங்கை அப்படியே போட்டு 'பொருந்தியவை பூஜ்யம்' என்று காட்டியிருந்தது. தமிழ்ப் பெயருக்கு அப்படித் தேடினால் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். உதாரணத்துக்கு 'அமுது' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'து'வுக்கு 'thu' போடுகிறவர் உண்டு, 'dhu' போடுகிறவர் உண்டு, வெறும் 'du' போடுகிறவர் உண்டு. 'ழ' வந்தால் இன்னும் கூத்து. அத்தனையையும் போட்டுப் பார்க்க வேண்டும். 'உள்ளடக்கியது' என்று ஒரு தடவை, ஒலி ஒப்புமையில் ஒரு தடவை, அந்தந்த வகுப்பு நம்பரோடு. நேற்று ராத்திரி நானே தேடினேன், காசு கிடையாது. அரைமணி நேரத்தில் 30-ஆம் வகுப்பில் எங்கள் பெயரோடு ஒலியில் ஒத்தவை மூன்று வந்து நின்றன.

எக்ஸாமினர் அறிக்கையிலும் அதே மூன்றுதான், ஏற்கெனவே உள்ள பெயர்களோடு ஒத்திருக்கிறது என்று 11-ஆம் பிரிவில். கூடவே 9-ஆம் பிரிவு: பெயர் பொருளின் குணத்தையே சொல்கிறது என்று. இதற்குப் பதில் எழுதியிருக்கலாம். பதிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஆனால் அறிக்கை கிடைத்த 30 நாளில் போட வேண்டும். எங்களுக்குக் கிடைத்ததா? படிவத்தில் எங்கள் ஈமெயில் இருக்க வேண்டிய இடத்தில் அவர்கள் ஈமெயில். 2017 விதிகளின்படி ஈமெயில் அனுப்பிய நொடியே சேர்ப்பித்ததாகக் கணக்கு. ஜனவரி 8 தேதி அறிக்கை. 30 நாளும் அவர்கள் இன்பாக்ஸிலேயே கழிந்துவிட்டது.

இனி போன் கதை. முதல் நாள்: "மேம், உங்க டிக்கெட் ரைஸ் ஆயிருக்கு, 48 ஹவர்ஸ்ல எக்ஸிக்யூட்டிவ் கால் பண்ணுவாங்க." இரண்டாவது தடவை: "ஃபைலிங் டீம் வேற, ஆப்ஜெக்‌ஷன் டீம் வேற." கோபிப் பெண் எங்கே என்று கேட்டால் அவர் வேலையை விட்டுவிட்டாராம். மூன்றாவது தடவை ஒருவர் இந்தியில் ஆரம்பித்தார். தமிழ் என்றதும் வேறு லைனுக்கு மாற்றி, பாட்டுப் போட்டு, கட் ஆயிற்று. நான்காவது தடவைதான் உச்சம்: "ரிப்ளைக்கு தனி பேக்கேஜ் மேம், 6,500 கட்டினா உடனே போட்டுடலாம்." அபாண்டன்ட் ஆகிவிட்டதே, இப்போது எதற்கு ரிப்ளை என்றேன். டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. "ஓ... சரி மேம், ஃப்ரெஷ் அப்ளிகேஷன் போடலாம், டிஸ்கவுண்ட் தர்றோம்." 25,370 ரூபாயைத் திருப்பித் தாருங்கள் என்றால், "ஃபைல் பண்ணினதோட எங்க சர்வீஸ் முடிஞ்சுது, ரீஃபண்ட் பாலிசி படிச்சுப் பாருங்க." ஃபைல் பண்ணினதும் அரைகுறை!

புதிதாக விண்ணப்பம் போடலாம், சரி. ஆனால் பழைய விண்ணப்பத் தேதி போனது போனதுதான். பதிவு கிடைத்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து 10 வருஷம் எண்ணியிருப்பார்கள். நடுவில் எவனாவது இதே பெயரைப் போட்டிருந்தால் அவன் விண்ணப்பம் முன்னால் நிற்கும்.

இன்னொரு சங்கடம், பவுச். அந்தத் தங்கக் கலர் காகிதத்தை நம்பி, பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போட்டு அச்சடித்துவிட்டோம். பதிவாகாத பெயருக்கு அந்தக் குறியைப் போடுவது சட்டப்படி தப்பு. விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலும், போடவே இல்லாவிட்டாலும், 'டிஎம்' என்று மட்டும்தான் போடலாம். பவுச்சுக்கு ஒவ்வொரு கலருக்கும் தனி சிலிண்டர். ஒரு சின்ன வட்டத்தை எடுக்க அந்தக் கலர் சிலிண்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் பிரிண்டர். இப்போதைக்கு வெள்ளை ஸ்டிக்கரைப் பொட்டு அளவுக்கு வெட்டி, ஒவ்வொரு பவுச்சிலும் அந்த வட்டத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். நகத்தால் நீவிவிடாவிட்டால் ஓரம் தூக்கிக்கொள்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. அவசரமாகச் சில:

பணம் கொடுக்கும் முன் வக்கீல் அல்லது பதிவு பெற்ற டிரேட்மார்க் ஏஜெண்ட் யார் என்று பெயரோடு கேளுங்கள். அவர்களுக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறீர்களே, அதில் யார் பெயர் இருக்கிறது என்று படியுங்கள். நாங்கள் படிக்கவில்லை.

சமர்ப்பிக்கும் முன் டிஎம்-ஏ படிவத்தை வாங்கி வகுப்பு, பொருள், உபயோகத் தேதி, ஈமெயில் நான்கையும் பாருங்கள். அரசு ரசீது தனியாகக் கேளுங்கள்.

மாதம் இரண்டு தடவை நீங்களே ஸ்டேட்டஸ் பாருங்கள். 'அப்ஜெக்டட்' (ஆட்சேபணை) என்று வந்தால் அன்றைக்கே ஆளைப் பிடியுங்கள்.

ஊர்ப் பெயரையும் பொருள் பெயரையும் சேர்த்து பிராண்ட் வைக்காதீர்கள். 'ஈரோடு மஞ்சள்' 2019-லேயே புவிசார் குறியீடு வாங்கியாயிற்று, அதைத் தனி ஆள் சொந்தம் கொண்டாட முடியாது.

ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வியாபாரத்துக்கு வாங்கிய சேவை, நீ நுகர்வோரே இல்லை என்று வாதாடுவார்கள். பிழைப்புக்காகச் சொந்தமாகச் செய்யும் சுயதொழில் என்று புகாரிலேயே எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப் சாட்டை அழிக்காதீர்கள்.

மீதி அப்புறம். இன்னும் இரண்டு பெட்டி பவுச் ஸ்டிக்கர் ஒட்டாமல் கிடக்கிறது.