மாத்திரையா, காதுக்குப் பின்னால் பேட்ச்சா?

பயணக் குமட்டலுக்கு டைமென்ஹைட்ரினேட் மாத்திரை போட்டால் முதலில் வருவது தூக்கம். வாயும் கொஞ்சம் உலரும். ஆனால் 4 முதல் 6 மணி நேரத்தில் மருந்தின் வேகம் தணிந்துவிடும். வண்டி ஓட்டுபவர் மட்டும் தொடவே கூடாது.

காதுக்குப் பின்னால் தோலில் ஒட்டும் ஸ்கோபோலமைன் மருந்துப் பேட்ச் வேறு ரகம். ஒருமுறை ஒட்டினால் 3 நாள் வேலை செய்யும். தூக்கம் இதிலும் உண்டு என்றாலும் பெரிய தொல்லை வாய் வறட்சிதான். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய விரலைக் கழுவாமல் கண்ணைக் கசக்கினால் அந்தக் கண்ணின் பாவை விரிந்து எழுத்தெல்லாம் மங்கும். கண்ணாடியில் ஒரு பாவை பெரிது, ஒன்று சிறிது. பார்த்தால் பயந்தே போவோம்! கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஒட்டக் கூடாது. கழற்றிய பிறகு சிலருக்குத் தலைசுற்றலும் வரும்.

அரை நாள் பேருந்துக்கு நான் மாத்திரை பக்கம். நாள்கணக்கில் கப்பல் என்றால் சரி, பேட்ச், கூடவே சோப்பு.