டெல் லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லையா? பேட்டரி வாங்கும் முன் பயாஸைப் பாருங்கள்

வட்டமுனை சார்ஜர் கொண்ட டெல் லேப்டாப்பைச் சில வருஷம் ஓட்டினால், ‘ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்’ என்ற வரியைப் பார்க்காமல் தப்புவது கஷ்டம். பலர் உடனே பேட்டரியை மாற்றிவிடுகிறார்கள். புதுப் பேட்டரியிலும் அதே வரிதான் வரும். ஏனென்றால் பல நேரம் கோளாறு சார்ஜர் பக்கம்தான்.

முனைக்குள் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அதில் கரண்ட் வருவதில்லை. சார்ஜருக்குள் இருக்கும் சிறு சிப், ‘நான் 65 வாட்’, ‘நான் 90 வாட்’ என்று லேப்டாப்புக்குச் சொல்லும் வழி அது. அந்தத் தகவல் வராவிட்டால் லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. கூடவே பிராசஸர் வேகமும் படுத்துவிடும். சார்ஜரைச் செருகியதும் மெஷின் மந்தமாகி, கழற்றியதும் சுறுசுறுப்பானால் பெரும்பாலும் இதுதான்.

உறுதிப்படுத்த, ஆன் செய்ததும் எஃப்2 தட்டி பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) அடாப்டர், அதாவது சார்ஜர் வரியைப் பாருங்கள். வாட் காட்டினால் சார்ஜர் சரி. ‘அன்நோன்’ என்றால், நல்ல ஒரிஜினல் சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். அதில் வாட் வந்தால் பழைய சார்ஜர் போய்விட்டது; பெரும்பாலும் முனையை ஒட்டி வயர் மடங்கும் இடத்தில் உள்ளே அறுந்திருக்கும். அதிலும் ‘அன்நோன்’ என்றால் கோளாறு ஜாக்கில், அதாவது லேப்டாப்பில் சார்ஜர் செருகும் துளையில். பல மாடல்களில் ஜாக் தனி வயரோடு வருவதால் சோல்டர் வேலை இல்லை. பின்மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு மாற்றலாம். ஜாக் மாற்றியும் தீராவிட்டால்தான் மதர்போர்டு.

மல்டிமீட்டரில் 19.5 வோல்ட் காட்டுவதால் மட்டும் சார்ஜருக்கு நற்சான்றிதழ் கொடுக்காதீர்கள். முனையின் உட்சுவர் பாசிட்டிவ், வெளிச்சுவர் நெகட்டிவ். அளக்கும்போது மீட்டரின் கம்பி முனை உட்சுவரையும் நடு ஊசியையும் சேர்த்துத் தொட்டால் அந்தச் சிப்பே போய்விடக்கூடும். மலிவு சார்ஜர்கள் சிலவற்றில் சிப் இருப்பதே இல்லை. வோல்ட் கச்சிதமாக இருக்கும், சார்ஜ் மட்டும் ஏறாது. விலை பார்த்து வாங்கி ஏமாறும் இடம் இது.

80 சதவீதம் போல ஏறி அதற்குமேல் அசையாமல் நிற்பது வேறு கதை. பயாஸில் பேட்டரி சார்ஜ் அமைப்பு ‘பிரைமரிலி ஏசி’ அல்லது ‘கஸ்டம்’ என்று இருக்கும். ‘ஸ்டாண்டர்ட்’ ஆக்கினால் முழுதாக ஏறும். எப்போதும் பிளக்கிலேயே கிடக்கும் லேப்டாப் என்றால் மாற்றாமல் விடுவதே பேட்டரிக்கு நல்லது.

இத்தனையும் சரியாக இருந்து, விண்டோஸ் பேட்டரி ரிப்போர்ட்டில் ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ ஆரம்பக் கொள்ளளவில் பாதிக்கும் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரி வாங்கலாம். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். பேட்டரி உப்பிவிட்டது, சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, அழுத்தாமல் குத்தாமல் கழற்றி எடுங்கள்.